தொட்டியின் அடியில் நிற்கும் தண்ணீர்

தொட்டியில் காய்கறி வளர்க்கப் போகிறேன் என்று வாயெடுத்தால் போதும், உடனே ஓர் அறிவுரை வந்துவிடும். அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஓட்டுச் சில்லு போடு, இல்லாவிட்டால் சரளைக்கல் போடு, அதற்கு மேல் மண்ணைக் கொட்டு, அப்போதுதான் தண்ணீர் தேங்காமல் வடியும். இதைச் சொல்லாத தோட்டக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. கையேடுகளில் தொட்டியைக் குறுக்காக வெட்டிய படம் போட்டு, கீழே கற்களையும் மேலே மண்ணையும் வெவ்வேறு நிறத்தில் காட்டுகிறார்கள். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்களும் அல்லர். ஆண்டுக்கணக்காக மண்ணில் கைவைத்தவர்கள், இலையின் நிறத்தைப் பார்த்தே செடிக்கு என்ன குறை என்று சொல்லிவிடக்கூடியவர்கள். அவர்களிடம் மறுத்துப் பேச யாருக்கும் எளிதில் மனம் வராது.

ஆனாலும் இந்தப் பேச்சு எனக்கு ஒட்டவே இல்லை. தண்ணீர் வெளியேறுவது தொட்டியின் துளை வழியாக. கல் போடுவதால் துளை பெரிதாகிவிடப் போவதில்லை. மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் கல்லைக் கண்டதும் ஏன் அவசரமாகக் கீழே இறங்க வேண்டும்? அத்துடன், 25 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் 5 செ.மீ. கல்லுக்குப் போய்விட்டால் வேருக்கு மிஞ்சுவது 20 செ.மீ.தான். தொட்டியில் வளரும் செடிக்கு இருக்கும் ஒரே செல்வம் அந்த ஆழம். அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் கல்லுக்குக் கொடுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. "தண்ணீர் வடியும்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

வாடிய கத்தரி

என் பெரியம்மா வாழ்நாளெல்லாம் நிலத்தில் காய்கறி போட்டவர். அவர் பாத்தி கட்டினால் தண்ணீர் கடைசிச் செடிவரை ஒரே சீராகப் போகும். வயதான பிறகு நிலம் இல்லாத வீட்டுக்கு வந்தார். மாடி மட்டும்தான் இருந்தது. பிளாஸ்டிக் தொட்டிகளில் மிளகாய், தக்காளி, கத்தரி என்று வைத்தார். நிலத்திலிருந்த மண்ணையே மூட்டையாகக் கட்டி எடுத்துவரச் சொல்லி, அடியில் ஓட்டுச் சில்லு பரப்பி, மேலே அந்த மண்ணை நிரப்பினார். அவர் அறிந்தவற்றில் மிகச் சிறந்த மண் அது. பல போகம் கண்ட மண்.

நான் போயிருந்தபோது கத்தரிச் செடி ஒன்று துவண்டு கிடந்தது. நண்பகல் வெயிலில் இலை தொங்குவது பெரிய விஷயமில்லை, மாலையில் நிமிர்ந்துவிடும். இது மாலையிலும் நிமிரவில்லை. "தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது" என்று பெரியம்மா காலையும் மாலையும் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்ற ஊற்ற இலை இன்னும் தொங்கியது. அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

அன்றும் தண்ணீர் ஊற்றினார். அடியோரத்துத் துளைகளில் முதலில் சரசரவென்றும் பிறகு சொட்டுச் சொட்டாகவும் வடிந்து நின்றது. "பார், எல்லாம் வடிந்துவிட்டது. அடைப்பு ஒன்றும் இல்லை" என்றார். நான் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, துளை ஒன்று தாழ்ந்த பக்கம் வரும்படி மெல்லச் சாய்த்தேன். நின்றுபோன சொட்டு மறுபடியும் தொடங்கியது. இன்னும் சாய்த்தபோது சொட்டு கம்பியாக ஒழுகத் தொடங்கித் தரையில் பெரிய ஈரத்திட்டு பரவியது. பெரியம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு தண்ணீரும் இத்தனை நேரம் எங்கே இருந்தது?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை அப்படியே வெளியே எடுத்தோம். மேலே மூன்று விரல் அளவுக்கு மண் பொலபொலவென்று இருந்தது. அதற்குக் கீழே நிறம் மாறி, கீழே போகப் போகக் கருத்து, சில்லுகளுக்கு நேர் மேலே இருந்த பகுதி சேறாக இருந்தது. முகர்ந்தால் அழுகிய முட்டையின் நாற்றம். சில்லுகளுக்கு இடையிலோ வெறும் காற்று. தண்ணீர் மண்ணிலிருந்து இறங்கிக் கற்களுக்குள் போய்விடும் என்று நாம் நினைத்திருந்தோம். அது கற்களின் தலைக்கு மேலேயே குடியிருந்தது. நல்ல வேர் வெளுப்பாக, இழுத்தால் இழுபடாமல் இருக்கும். இந்த வேரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தபோது பழுப்புத் தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. வேரழுகலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

வேரும் மூச்சுவிடும் உறுப்புதான். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைப்போல் ஆக்சிஜன் தண்ணீரில் பரவாது; ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். துளைகளெல்லாம் தண்ணீரால் அடைபட்ட மண்ணில் இருப்பதைக் கரைத்துக் குடித்துவிட்டு வேர் திணறத் தொடங்கும். திணறும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். தக்காளியில் இன்னொன்றும் நடக்கிறது. மூச்சுத் திணறும் வேரில் உருவாகும் ஒரு வேதிப்பொருள் தண்டு வழியாக மேலே ஏறி இலைகளில் எத்திலீன் வாயுவாக மாறுகிறது. அதன் விளைவாக இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்குகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அது தாகமாகவே தெரியும், கை தானாகத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போகும். பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நோய்க்கிருமிகளுக்கும் இதுதான் கொண்டாட்டம். அவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்தி வேரைத் தேடிப் போகக்கூடியவை. சேறு அவற்றுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. வாடிய செடிக்கு அன்போடு ஊற்றும் ஒவ்வொரு குவளையும் அதைக் கொல்லும் பக்கம் போய்ச் சேர்கிறது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். தொட்டியைத் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு ஊற்றினால் இந்தத் துயரம் பாதிக்கு மேல் நடக்காது.

துளையின் அளவும் தண்ணீரின் உயரமும்

மெல்லிய குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் தண்ணீர் தானாக ஏறி நிற்கும். நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்திருப்போம். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும் என்ற விதி 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூரின் பெயரால் நிலைத்தது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளும் அப்படிப்பட்ட குழாய்களே. 1 மி.மீ. அகலமுள்ள மண்துளை ஏறக்குறைய 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். 0.3 மி.மீ. துளை 10 செ.மீ. உயரத்துக்கு. 0.1 மி.மீ. துளை 30 செ.மீ. உயரத்துக்கு. ஏறும் தண்ணீருக்குள்ள இதே கணக்கு, வடிய மறுக்கும் தண்ணீருக்கும் பொருந்தும். தொட்டியில் ஊற்றியது வடிந்து முடிந்த பிறகும், அடியிலிருந்து இத்தனை செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றே தீரும். தொட்டியின் அடித்துளை அகலமாக இருந்தாலும் நிற்கும், அடியில் பத்துத் துளை போட்டாலும் நிற்கும்.

இந்த ஈரப்பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது நாம் நிரப்பும் கலவைதான். தொட்டி குட்டையாக இருந்தாலும் நெட்டையாக இருந்தாலும் பட்டை அதே உயரம்தான். 0.3 மி.மீ. துளைகள் கொண்ட கலவை என்று வைத்துக்கொண்டால், 15 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் 10 செ.மீ. தண்ணீருக்குப் போக, வேர் மூச்சுவிட 5 செ.மீ. மிஞ்சும். 30 செ.மீ. தொட்டியில் 20 செ.மீ. மிஞ்சும். ஆழம் இரண்டு மடங்கு, காற்றோட்டமான இடம் நான்கு மடங்கு. இப்போது முதல் தொட்டியின் அடியில் 5 செ.மீ. கல் போட்டுப் பாருங்கள். மண் 10 செ.மீ.தான் இருக்கும். அந்தப் பத்தும் தண்ணீரில் நிற்கும். உண்மையான கலவையில் எல்லாத் துளைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஆகவே கணக்கு இவ்வளவு கறாராக வராது. ஆனால் போகும் திசை இதுதான். சமையலறையில் இருக்கும் செவ்வக ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடித்துச் சொட்டு நிற்கும்வரை பொறுங்கள். பிறகு நீளவாட்டில் செங்குத்தாகத் திருப்புங்கள். கசக்காமலே தண்ணீர் கொட்டும். பெரியம்மாவின் தொட்டி சாய்ந்தபோது நடந்ததும் அதுதான்.

கல் விஷயத்துக்கும் பரிசோதனை உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்ட்னர் என்ற மண்ணியல் அறிஞர், கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே மண்ணை நிரப்பி, நடுவில் பருமணல் அடுக்கு வைத்து, தண்ணீர் இறங்குவதைப் படம் பிடித்துக் காட்டினார். ஈரம் மெல்ல இறங்கிப் பருமணலைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. கீழே போகாமல் பக்கவாட்டில் பரவுகிறது. மேலே உள்ள மண் நிறைந்து வழியும் நிலைக்கு வந்த பிறகுதான் பருமணலுக்குள் இறங்குகிறது. நுண்ணிய துளைகளின் பிடியிலிருந்து விடுபட்டு அகன்ற சந்துக்குள் போகத் தண்ணீருக்கு எந்த உந்துதலும் இல்லை. மேலிருந்து எடை அழுத்தினால்தான் போகும்.

கோல்ஃப் மைதானம் அமைப்பவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள் என்று அறிந்தபோது எனக்குப் பெரிய வியப்பு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் புல்தரைக்கு ஒரு கட்டுமான முறையை வெளியிட்டது. ஏறக்குறைய 30 செ.மீ. மணற்கலவை, அதற்குக் கீழே சரளை. மணல் சீக்கிரம் காய்ந்துவிடக்கூடியது. அடியில் சரளை இருந்தால் மணலுக்குள் தண்ணீர் கொஞ்சம் நின்று புல்லுக்குக் கிடைக்கும். மிதமிஞ்சிப் பெய்தால் மட்டும் சரளை வழியே வெளியேறும். மணலில் தண்ணீரை நிறுத்த அவர்கள் போடும் அதே சரளையைத்தான் நாம் தண்ணீர் வடிவதற்கு என்று சொல்லித் தொட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெரியம்மாவின் எதிர்வாதம்

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "என் மாமியார் காலத்திலிருந்து சில்லு போட்டுத்தான் தொட்டி வைக்கிறோம். அத்தனை செடியுமா செத்துப் போயின?" என்றார். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. சரியான கேள்வி அது. ஒரு வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்திருக்கிறது என்றால், அதைப் பின்பற்றியவர்களின் செடிகள் பிழைத்திருக்கின்றன என்றுதான் பொருள். அதை விளக்காமல் விட்டால் என் கணக்கு முழுமையாகாது.

பல நாள் யோசித்த பிறகு எனக்குப் புரிந்தது இது. அவருடைய மாமியாரின் தொட்டிகள் சுட்ட மண் தொட்டிகள். அவற்றின் சுவர் வழியாகவே தண்ணீர் கசிந்து ஆவியாகும், காற்றும் உள்ளே புகும். அவை வைக்கப்பட்டது வெறும் தரையில். அடித்துளையின் கீழே பூமி இருந்தது. நாளடைவில் மண் கரைந்து சில்லுகளின் இடுக்குகளில் இறங்கி நிரம்பிவிடும், அடுக்கு என்று தனியாக ஒன்று இருக்காது. தொட்டி மண்ணும் தரை மண்ணும் துளை வழியாக ஒன்றையொன்று தொட்டதும், கீழே உள்ள பூமி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சில வேளைகளில் வேரே துளை வழியாகத் தரைக்குள் போய்விடும். அந்தத் தொட்டி ஏறக்குறைய நிலத்தின் ஒரு பகுதி. பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துக் கான்கிரீட் தளத்தில் வைத்த நாளில் இந்த மூன்று வழியும் ஒன்றாக அடைபட்டன. சில்லு மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

இதைச் சொன்னபோது பெரியம்மாவுக்கு முகம் தெளிந்தது. மாமியார் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை என்பது அவருக்கு முக்கியம். எனக்கும் முக்கியம்தான். துளையின்மேல் ஒரே ஒரு சில்லு வைப்பதை அவர் விடவில்லை, மண் ஒழுகாமல் இருக்க வேண்டுமாம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் அந்த இடத்தில் கொசுவலைத் துண்டு ஒன்றை வைப்பேன்.

நல்ல மண் தொட்டியில் கெடுவது ஏன்

கல்லைவிடப் பெரிய செய்தி இதற்குள் இருக்கிறது. பல போகம் கண்ட அந்த நிலத்து மண் தொட்டிக்கு வந்ததும் ஏன் சேறானது? களிமண் கலந்த நல்ல வயல் மண்ணின் துளைகளில் பெரும்பகுதி 0.1 மி.மீ.க்கும் குறைவு. நிலத்தில் இது குறையே இல்லை. கீழே மீட்டர் கணக்கில் மண் தொடர்ந்து போகிறது. அந்த நெடிய பத்தி முழுவதும் தண்ணீரைக் கீழே இழுக்கும். மண்புழுக்கள் போட்ட வழிகளும் பழைய வேர் மட்கிய வழிகளும் காற்றைக் கொண்டுவரும். 1920களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜான் வீவர் என்ற தாவரவியலாளர் செடிகளுக்குப் பக்கத்தில் ஆழக் குழி தோண்டி, ஒவ்வொரு வேரையும் சிறு கருவியால் மண் நீக்கிப் பின்தொடர்ந்து வரைந்தார். தக்காளியின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போயிருந்தது. அந்த மண்ணையே 25 செ.மீ. வெட்டியெடுத்துத் தொட்டியில் வைத்தால், மேலிருந்து கீழ்வரை முழுவதும் ஈரப்பட்டைக்குள் வந்துவிடும். மண் கெட்டுப்போகவில்லை. அதன் கீழே இருந்த பூமி போய்விட்டது.

தொட்டிக்குத் தனிக் கலவை வேண்டும் என்று தொழில்முறைத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் நாற்றுகளுக்கும் தொட்டிகளுக்கும் பொதுவான கலவைகளை வகுத்தார்கள்: தொட்டிக்கானதில் கன அளவில் தோட்ட மண் 7 பங்கு, பீட் எனப்படும் சதுப்பு மட்கு 3 பங்கு, பருமணல் 2 பங்கு. 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மண்ணையே விட்டுவிட்டுப் பீட்டும், சூட்டில் பொரித்தெடுத்த இலேசான கனிமத் துண்டுகளான பெர்லைட்டும் வெர்மிகுலைட்டும் கொண்டு கலவைகள் செய்தார்கள். இன்று பீட்டுக்கு மாற்றாகத் தென்னைநார்த் தூளும் வந்துவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பீட் சதுப்பில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சேரும், அதைத் தோண்டித் தொட்டியில் போடுவது மனத்துக்கு ஒப்பவில்லை. தென்னைநார்த் தூளில் ஒரு கவனம் தேவை. சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும். கழுவாமல் பயன்படுத்தினால் நாற்றின் இலை நுனி கருகும். ஊறவைத்துப் பிழிந்து, நல்ல தண்ணீர் மாற்றி, மறுபடியும் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

நான் கலப்பது தென்னைநார்த் தூள், நன்றாக மட்கிய உரம், அவற்றோடு சலித்தெடுத்த பருந்துண்டுகள். பெர்லைட் கிடைத்தால் பெர்லைட், கிடைக்காவிட்டால் 3 முதல் 6 மி.மீ. அளவுக்கு உடைத்த செங்கல். சலித்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன், தூசியை நீக்காமல் கொட்டினால் அந்தத் தூசி துளைகளை அடைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடும். பொடி மணல் சேர்த்தால் வடிகால் கூடும் என்பதும் பரவலான நம்பிக்கை. பொடி மணல் பெரிய துளைகளுக்குள் போய் உட்கார்ந்து அவற்றைச் சிறிய துளைகளாக்கிவிடும். களிமண்ணில் ஒரு பிடி பருந்துண்டு போட்டாலும் பயனில்லை. பருந்துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு இருந்தால்தான் அவற்றுக்கிடையே பெரிய சந்துகள் உருவாகும். அதுவரை அவை இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

கலவை சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்கலாம். ஒரு லிட்டர் டப்பாவின் அடியில் துளை போட்டு ஒட்டுத்தாளால் அடைத்து, கலவையை நிரப்பி, மெதுவாகத் தண்ணீர் ஊற்றி மேல்வரை ஊறவிடுங்கள். பிறகு ஒட்டுத்தாளைப் பிரித்து, வடியும் தண்ணீரைப் பிடித்து அளந்து பாருங்கள். 150 மி.லி. வந்தால் அந்தக் கலவையில் வடிந்த பிறகு 15 விழுக்காடு காற்று இருக்கிறது. 10க்கும் 20க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்கு நல்லது. பெரியம்மாவின் வயல் மண்ணை இப்படி அளந்தபோது டம்ளரின் அடி நனைந்ததோடு சரி. இந்தச் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. குட்டையான டப்பாவில் எண் குறைவாகவும் நெட்டையான டப்பாவில் கூடுதலாகவும் வரும். ஏன் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆகவே நீங்கள் பயன்படுத்தப்போகும் தொட்டியின் உயரத்துக்கு நெருக்கமான டப்பாவில் அளப்பது நல்லது.

காற்றோட்டமான கலவைக்கு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அது சீக்கிரம் காயும், உரமும் தண்ணீரோடு சீக்கிரம் கழுவப்பட்டுப் போகும். காய்ப்புக் காலத்தில் தக்காளிக்குத் தினமும் தண்ணீர் வேண்டியிருக்கும், வெயில் கடுமையானால் இரு வேளையும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டித் தீர்த்தால் காயின் அடிப்பாகம் கருத்துக் குழிந்துபோகும். சுண்ணாம்புச்சத்துக் குறைபாடு என்பார்கள். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் அது தண்ணீரோட்டத்தோடுதான் காய்க்குப் போய்ச்சேர முடியும். ஓட்டம் விட்டுவிட்டு வந்தால் காய்க்கு எட்டாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிடத் தண்ணீரைச் சீராக்குவது விரைவாகப் பலன் தரும். தக்காளிக்கு 20 லிட்டருக்குக் குறையாத தொட்டி என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான். அதற்குக் குறைந்தால் ஒரு பகல் தாங்கும் தண்ணீர் அதில் நிற்காது. கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், அதன் வேர் மேலாகவே பரவும், ஈரப்பட்டைக்கு மேலே மிஞ்சும் இடத்திலேயே அறுவடைவரை வாழ்ந்துவிடும்.

மேட்டுப்பாத்தி யாருக்கு

மேட்டுப்பாத்தியையும் தொட்டியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடிப்பக்கம்தான். அடி திறந்து நிலத்தோடு ஒட்டிய மேட்டுப்பாத்தியில் தண்ணீர் தடையில்லாமல் பூமிக்குள் போகும், ஈரப்பட்டை நிற்பதற்கு இடமே இல்லை. 25 செ.மீ. உயரமிருந்தாலும் தக்காளி செழிக்கும். அதன் வேர் கீழே உள்ள நிலத்துக்குள்ளும் இறங்கிவிடும். களை வராது என்று அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தாலோ, பழைய பழக்கத்தில் சரளை பரப்பினாலோ அந்தப் பாத்தி பெரிய தொட்டியாக மாறிவிடும். கட்டுவதற்கு முன்னால் அடிநிலத்தை முள்கரண்டியால் குத்திக் கிளறி, முதல் கூடை மண்ணை அதோடு கலந்துவிடுவது நல்லது. இரண்டு மண்ணும் சந்திக்கும் கோடு அழிந்து தண்ணீர் இடறாமல் இறங்கும். களையை அடக்க அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கலாம், சில மாதங்களில் மட்கிவிடும். அகலம் 120 செ.மீ.க்கு மேல் வேண்டாம். இரு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் படவே கூடாது. ஒரு மிதி போதும், பெரிய துளைகள் நசுங்கிப்போகும்.

ஆனால் மேட்டுப்பாத்தி எல்லோருக்கும் பொதுவான மருந்து என்ற பேச்சோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது தண்ணீர் மிகுந்த இடத்தில் பிறந்தது. மெக்சிகோ பள்ளத்தாக்கின் ஏரிகளில் சேற்றை அள்ளிக் குவித்து எழுப்பிய சினாம்பா பாத்திகளும், ஆண்டிஸ் மலையில் டிட்டிகாக்கா ஏரியை ஒட்டிய வாரு வாரு மேடுகளும் வேரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்த எழுந்தவை. வறண்ட நிலத்தில் வாழ்ந்தவர்கள் நேர் எதிராகச் செய்தார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாழும் சூனி பழங்குடி மக்கள் சிறு சிறு சதுரக் குழிகளாகப் பாத்தி தாழ்த்தி, சுற்றிலும் மண்வரப்பு எழுப்பிப் பயிர் செய்தார்கள். பெய்யும் சிறு மழையும் ஊற்றும் சிறு தண்ணீரும் செடியின் காலடியிலேயே நிற்கும், காற்றும் ஈரத்தை வாரிக்கொண்டு போகாது. மழை அரிதான, மணற்பாங்கான இடத்தில் மரச்சட்டம் அடித்து மேட்டுப்பாத்தி எழுப்புவது, குறைவாக இருக்கும் தண்ணீரை இன்னும் விரைவாகக் காயவிடும் வேலை. அங்கே பாத்தியைத் தாழ்த்துங்கள். படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக எழுப்பாதீர்கள்.

மாடியில் பாத்தி போட நினைப்பவர்கள் முதலில் எடையைக் கணக்கிட வேண்டும். 30 செ.மீ. ஆழத்துக்கு நனைந்த தோட்ட மண் நிரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய அரை டன் வரும். தளம் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. தென்னைநார்க் கலவை எடையைக் கணிசமாகக் குறைக்கும், ஆனால் கேள்வியை நீக்கிவிடாது. வெயில் நேரே படும் கறுப்புத் தொட்டிகளின் சுவரோரம் 40 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும், அந்தப் பக்கத்து வேர் வெந்துபோகும். தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழச் செய்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

பழச்செடிகளுக்கு இந்தக் காற்றுக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. காய்கறி ஒரு பருவத்தில் முடிந்துவிடும், எலுமிச்சை ஆண்டுக்கணக்கில் அதே தொட்டியில் நிற்க வேண்டும். அத்திக்கு வேர் நெருக்கம் பிடிக்கும், தொட்டியில் அடக்கினால் இலையைக் குறைத்துக் காயைக் கூட்டும். எலுமிச்சை அப்படி அல்ல. வேரில் தண்ணீர் நின்றால் முதலில் இலை வெளுக்கும், பிறகு உதிரும். நட்ட ஆண்டில் பொலபொலவென்று இருந்த கலவைகூட நாளடைவில் மட்கி, துகள் பொடிந்து, துளை சிறுத்து, தொட்டிக்குள் சில விரற்கடை தாழ்ந்துவிடும். தாழ்ந்ததைப் பார்த்து மேலே புதுக் கலவையைக் கொட்டி நிரப்புகிறோம். கெட்டுப்போன பகுதி அடியில் இருக்கிறது, நாம் சரிசெய்வது மேல்பக்கத்தை. தண்ணீர் முன்பைவிட மெதுவாக வடிகிறது என்று தெரிந்தால், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்க்கட்டியின் அடியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் மூன்றில் ஒரு பங்கை நீக்கி, சுற்றிச் சுருண்ட வேர்களை வெட்டி, புதுக் கலவையை அடியிலிருந்து நிரப்பி மறுபடி வைக்க வேண்டும். புதுத் தளிர் கிளம்புவதற்குச் சற்று முன்னால் இதைச் செய்தால் செடி விரைவில் தேறிவிடும். அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் செடி இருந்தால், தொட்டியின் துளை வழியாகப் பருத்தித் திரி ஒன்றைக் கலவைக்குள் ஒரு சாண் செருகி, மறுமுனையைத் துளைக்குக் கீழே தொங்கவிட்டு, தொட்டியை இரண்டு செங்கற்களின்மேல் ஏற்றி வையுங்கள். தரைக்கு நெருக்கமாக இறங்கிய அந்தத் திரி வழியாக அடித்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வடிந்த தண்ணீர் தட்டில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும், தளிர்க்காலம்வரை எலுமிச்சை தாங்கும்.